கொசுவம் வெடிக்காத ஃபாண்டன்ட்: பினாங்கு வெக்கையில் நான் வாங்கிப் பார்த்த சாமான்கள்

மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட் (மார்ஷ்மெல்லோவை உருக்கிச் சீனி சேர்த்துப் பிசைந்து, கேக்கின் மேல் விரிக்கிற மாவு) மடிக்கும்போது வெடிக்கிறது, என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் கிளிசரின். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. கிளிசரின், குளுக்கோஸ் சிரப், இரண்டு வகை ஷார்ட்டனிங் (கட்டியான வெள்ளைச் சமையல் கொழுப்பு), இரண்டு வகை மார்ஷ்மெல்லோ, ஒரு கடையில் மாற்றிக் கொடுத்த சிஎம்சி என்ற பொடி டப்பா, எல்லாவற்றையும் பிசைந்து பார்த்துவிட்டேன். இவற்றில் எது காசுக்குத் தகும், எது இந்தப் பினாங்கு வெக்கைக்குச் சரிப்படாது என்று எழுதி வைத்தால், வீட்டில் கேக் செய்கிற யாருக்காவது இரண்டு கிலோ ஐசிங் சீனியாவது (மாவாக அரைத்த சீனி) மிஞ்சும்.

அம்மாவின் 70-ஆவது பிறந்தநாளுக்காகத் தொடங்கியது இது. அவருடைய கல்யாணச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது, அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கரை. அதே நிறத்தில் இரண்டு அடுக்குக் கேக், மேல் அடுக்கிலிருந்து முந்தானை இறங்கி வர வேண்டும், கீழ் அடுக்கைச் சுற்றிக் கொசுவம் வைத்த மாதிரி மடிப்புகள். தாளில் வரைந்தபோது அழகாக இருந்தது. ஆனால் சேலை மடிப்பு ஃபாண்டன்ட்டுக்குப் பெரிய சோதனை. கேக்கை வெறுமனே மூடுவதற்குச் சுமாரான ஃபாண்டன்ட் போதும், இழுத்துத் தடவிச் சமாளித்துவிடலாம். கொசுவத்துக்கு 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, துணியை மடிக்கிற மாதிரி முன்னும் பின்னும் மடிக்க வேண்டும், ஒவ்வொரு மடிப்பின் முதுகும் வழவழவென்று இருக்க வேண்டும். என் முதல் முயற்சியில் மடித்த இடமெல்லாம் வெடித்தது, காய்ந்துபோன சப்பாத்தி மாவை மடித்தால் வருமே, அந்த மாதிரி. ஓரங்கள் பொடியாக உதிர்ந்தன. ராத்திரி 11 மணிக்கு அத்தனையையும் உருட்டி ஒரு பைக்குள் போட்டு மூடிவிட்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது.

சாமான்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நான் கண்ட டப்பாவையெல்லாம் வாங்கினேன். மார்ஷ்மெல்லோ என்பது சீனி, குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின், நிறையக் காற்று. உருக்கினால் காற்று வெளியே போய்விடும், ஜெலட்டின் இளகிப் பிசின் மாதிரி இழுபடும். அதில் ஐசிங் சீனி சேர்க்கச் சேர்க்க அது மாவாகிறது. இழுபடுகிற குணம் ஜெலட்டினும் ஈரமும் தருவது, விறைப்பு சீனி தருவது, கையிலும் பலகையிலும் ஒட்டாமல் வழுக்குவது கொழுப்பு தருவது. அப்படியென்றால் வெடிக்கிற ஃபாண்டன்ட்டில் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: இருக்கிற ஈரத்துக்கு மேல் சீனி போயிருக்கிறது, இல்லையென்றால் இருந்த ஈரம் காற்றில் போய்விட்டது. அமெரிக்காவின் வில்டன் நிறுவனம் சொல்லும் அளவு 1 பவுண்டு மார்ஷ்மெல்லோ, 2 பவுண்டு ஐசிங் சீனி, 2 முதல் 5 மேசைக்கரண்டி தண்ணீர், அரை கப் ஷார்ட்டனிங். நம் கணக்கில் சுமார் 450 கிராமுக்கு 900 கிராம். நானும் இதையே பிடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

என்னைக் கவிழ்த்தது அந்த 900 கிராம்தான். உருக்கிய மார்ஷ்மெல்லோவில் சீனியைச் சலித்துக் கொட்டிப் பிசையும்போது அது சூடாக இருக்கிறது, கையெல்லாம் ஒட்டுகிறது. வெளியே மழை பெய்து நின்ற மதியம், சமையலறையில் 31, 32 டிகிரி, காற்றே ஈரம். ஒட்டுகிறதே என்று இன்னும் ஒரு கைப்பிடி சீனி. இன்னும் ஒட்டுகிறதே என்று மறுபடி ஒரு கைப்பிடி. 900 கிராமும் தாண்டிப் புதுப் பொட்டலத்தை வெட்டிவிட்டேன். அந்த நேரத்தில் மாவு அருமையாகத்தான் இருந்தது. ஆனால் சூட்டில் ஜெலட்டின் இளகி இருக்கும், அதனால்தான் அந்த ஒட்டல். ஆறினால் ஜெலட்டின் தானாகவே இறுகும், ஒட்டலில் பாதி அதோடு போய்விடும். நான் சூட்டில் சரியாகத் தெரிகிற அளவுக்குச் சீனியைப் போட்டுவிட்டேன், மறுநாள் காலையில் அது செங்கல் மாதிரி நின்றது.

இப்போது செய்வது இப்படி. 450 கிராம் மார்ஷ்மெல்லோவுக்கு முதலில் 450 கிராம் சீனியை மட்டும் கரண்டியால் கலக்கிறேன். அப்புறம் கையில் ஷார்ட்டனிங் தடவிக்கொண்டு, 100 கிராம் 100 கிராமாகச் சேர்த்துப் பிசைந்து, 750 கிராமுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், ஒட்டட்டும். உருண்டையாக்கி மேலே ஷார்ட்டனிங் பூசி, கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, ஜிப் பையில் காற்றில்லாமல் அடைத்து ஒரு ராத்திரி வெளியிலேயே வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. அந்த ராத்திரிக்குள் சீனி முழுவதும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு ஒரே சீராகிவிடுகிறது. போதுமா போதாதா என்று முடிவு செய்ய வேண்டியது மறுநாள் காலையில். குறைவாக இருந்தால் அப்போது ஒரு கைப்பிடி சேர்க்கலாம். அதிகமாகிவிட்டால் எடுக்க வழியே இல்லை.

ஐசிங் சீனி வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கட்டி பிடிக்காமல் இருக்கச் சோள மாவோ மரவள்ளி மாவோ கலந்திருப்பார்கள், அது வழக்கம்தான். ஆனால் மாவு அதிகமாகக் கலந்த சீனி ஈரத்தை அதிகமாகக் குடிக்கும். பேக்கிங் கடைகளில் கிலோ கணக்கில் நிறுத்துக் கட்டி வைத்திருக்கும் சில பொட்டலங்களில் என்ன கலந்திருக்கிறது என்றே எழுதியிருக்காது, அவற்றை நான் இப்போது தொடுவதில்லை. பேர் போட்ட பொட்டலம் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. எந்தச் சீனியானாலும் சலிக்காமல் போடாதீர்கள், ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் 2 மில்லிமீட்டருக்குத் தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும்.

சரி, மார்ஷ்மெல்லோ. இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். மலேசிய அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் முத்திரை இருந்தால் பன்றி ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம், ஆனால் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது, அம்மாவின் கேக்கில் அது ஒரு துளிகூட இருக்கக்கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பொட்டலத்தில் மலாயில் எழுதியிருப்பார்கள்: ஜெலாத்தின் லெம்பு என்றால் மாடு, ஜெலாத்தின் ஈக்கான் என்றால் மீன். வெறும் ஜெலாத்தின் என்று மட்டும் போட்டிருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். மீன் ஜெலட்டின் போட்டதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு கடை ஆனது, ஆனால் கிடைக்கிறது. விருந்தினர்களுக்குக் கேக் கொடுப்பதாக இருந்தால் தயவுசெய்து இதைக் கேட்டுச் செய்யுங்கள், சொல்லிவிட்டுக் கொடுங்கள். கேக்தானே, வெறும் சீனிதானே என்று நினைத்து வாயில் வைத்துவிடுவார்கள்.

செய்முறையிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. மீன் ஜெலட்டின் மாட்டு ஜெலட்டினைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். அதனால் மீன் ஜெலட்டின் மார்ஷ்மெல்லோவில் செய்த ஃபாண்டன்ட் நம் ஊர் மதியத்தில் இன்னும் மெத்தென்று இருக்கிறது. மடிப்புக்கு அது நல்லது, எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நிற்க வைக்கிற பொம்மை, பூவிதழ் மாதிரி வேலைக்கு அது சாய்ந்துவிடும், அதற்குத் தனியாக வேறு வழி பார்க்க வேண்டும். ஜெலட்டினே இல்லாமல் கடற்பாசிச் சாறு போட்ட சைவ மார்ஷ்மெல்லோவையும் ஒரு பொட்டலம் வாங்கினேன், பெரிய மாமா சுத்த சைவம் என்பதால். அது உருகியது, ஆனால் பிசின் மாதிரி இழுபடவில்லை. ஃபாண்டன்ட் ஆனது, மடிக்க வரவில்லை. கடைசியில் மாமாவுக்கு ஃபாண்டன்ட் போடாமல், முட்டையும் போடாமல் ஒரு சின்ன ஏலக்காய்க் கேக் தனியாகச் செய்தேன், அதுதான் அவருக்கு மரியாதை என்று பட்டது.

எந்த வகையானாலும் வெள்ளை நிறத்தில், உள்ளே ஜாம் வைக்காத மார்ஷ்மெல்லோவாக, புதியதாக வாங்குங்கள். பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தால் திரும்ப எழும்ப வேண்டும். பழசு என்றால் உள்ளேயே காய்ந்திருக்கும், அதற்கு நீங்கள் என்ன எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை. உருக்குவதற்கு நான் மைக்ரோவேவை விட்டுவிட்டேன். 30 நொடி வைத்துக் கிளறி மறுபடி 30 நொடி என்று பொறுமையாகச் செய்தால் மைக்ரோவேவும் சரிதான், ஒரேயடியாக இரண்டு நிமிடம் வைத்தால் ஓரத்தில் கொதித்துத் தண்ணீர் ஆவியாகிவிடும், அந்த ஈரம் திரும்ப வராது. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினால் நேரம் ஆகிறது, ஆனால் கைக்குக் கட்டுப்படுகிறது.

இப்போது ஷார்ட்டனிங். முதலில் ஒரு டின் கிரிஸ்கோ வாங்கினேன், அமெரிக்காவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்பதால். 1911-இல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்து விற்பனைக்கு வந்தது அது, பேரே அதிலிருந்துதான் வந்தது. நல்ல சாமான், வெள்ளை வெளேர் என்று இருக்கும், வாசனையே கிடையாது. இங்கே வெளிநாட்டுச் சாமான் விலை. அது தீர்ந்தபோது வீட்டுப் பக்கத்தில் ஆயர் ஈத்தாமில் உள்ள ஒரு சின்ன பேக்கிங் கடைக்குப் போனேன். கடையில் இருந்த சீன ஆன்ட்டியிடம் நான் கொண்டுபோன ஃபாண்டன்ட் துண்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கி விரலால் மடித்துப் பார்த்தார், வெடித்தது. சீனி கூடிப்போச்சு என்று மலாயில் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த வெள்ளை ஷார்ட்டனிங்கை எடுத்துக் கொடுத்தார். நம் ஊர்ச் செம்பனை எண்ணெயில் (பாமாயில்) செய்தது. ஒரு தேக்கரண்டி எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டு பிசை, மறுபடி ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஒரு வாடிக்கையாளருக்காக நின்று இவ்வளவு பார்த்துச் சொல்கிற கடைகள் இன்னும் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

செம்பனை எண்ணெய் இயல்பிலேயே பாதி கட்டியாக இருப்பது. நாட்டில் விளைகிற பொருள், கிரிஸ்கோ டின்னோடு வைத்துப் பார்த்தால் விலை வெகு குறைவு. அதே ஃபாண்டன்ட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றில் கிரிஸ்கோ, ஒன்றில் இது, ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் இரண்டு தேக்கரண்டி வீதம் பிசைந்து மடித்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிரிஸ்கோ போட்டது கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான், அரக்குச் சிவப்பு போடப்போகிற எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டுமே மடிப்பில் வெடிக்கவில்லை. மூன்று மாதத்தில் வாங்கிய அத்தனையிலும் திரும்பப் போய் வாங்கியது இந்தச் செம்பனை ஷார்ட்டனிங் ஒன்றைத்தான், மூன்று தடவை. ஒரே ஒரு குறை, பொட்டலத்தைத் திறந்து ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்தால் பக்கத்தில் இருக்கிற வெங்காய வாடையைப் பிடித்துக்கொள்ளும், இறுக மூடுகிற டப்பாவில் மாற்றி வையுங்கள்.

பலகையில் தேய்க்கும்போதும் இதுதான். ஒட்டாமல் இருக்கச் சோள மாவு தூவுகிற பழக்கம் எனக்கு இருந்தது, சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை. அந்த மாவு ஃபாண்டன்ட்டின் மேல்தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நாம் கஷ்டப்பட்டு மெதுவாக்கியதை மேலிருந்து காய வைக்கும். பலகையிலும் கட்டையிலும் மெல்லிசாக ஷார்ட்டனிங் தடவித் தேய்த்துப் பாருங்கள்.

வெண்ணெய் போடலாமா என்று தங்கை கேட்டாள். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது, நம் வெக்கையில் அது எண்ணெயாகவும் வழியும், மஞ்சள் நிறம் வேறு. தேங்காய் எண்ணெய் போடுங்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் ஊரில் அது கட்டியாக இருக்கிறது. அது 24 டிகிரியிலேயே உருகிவிடும், பினாங்கில் நம் வீட்டுப் போத்தலில் அது என்றைக்காவது கட்டியாக இருந்து பார்த்திருக்கிறோமா? நான் ஒரு தேக்கரண்டி போட்டுப் பார்த்தேன், ஃபாண்டன்ட் மேலே எண்ணெய்ப் பளபளப்பு வந்தது, மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் சறுக்கியது.

குளுக்கோஸ் சிரப் எனக்கு இரண்டாம் இடம். பேக்கிங் கடைகளில் சின்ன டப்பாவில் கிடைக்கும், கண்ணாடி மாதிரித் தெளிவாக, பாகைவிடக் கெட்டியாக. இது செய்து முடித்த ஃபாண்டன்ட்டைச் சரிசெய்வதற்கு அல்ல, உருக்கும்போதே மார்ஷ்மெல்லோவோடு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துவிட வேண்டியது. சீனி திரும்பவும் படிகமாகிக் கரகரப்பாவதை இது தடுக்கிறது, அதனால் மறுநாளும் மூன்றாம் நாளும் மாவு வழவழப்பாகவே இருக்கிறது. கரண்டியால் எடுப்பது பெரிய பாடு, நூல் நூலாக இழுத்துக்கொண்டு மேசையெல்லாம் ஒட்டும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு விரலால் எடுத்தால் ஒட்டாமல் வருகிறது. முந்தானை மாதிரிப் பெரிய துண்டு செய்கிறவர்களுக்கு நான் இதை வாங்கச் சொல்வேன். வெறும் கேக் மூடுவதற்கு என்றால் தேவையில்லை.

கிளிசரினுக்கு இப்போது வருகிறேன். அது மோசமான சாமான் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற குணம் அதற்கு உண்டு, அதனால்தான் முகத்துக்குப் பூசுகிற கிரீமிலும் அதைப் போடுகிறார்கள். எண்ணெயைப் பிரித்தால் கொழுப்பு அமிலம் ஒரு பக்கம், கிளிசரின் ஒரு பக்கம் வரும், நம் செம்பனை எண்ணெயிலிருந்தே மலேசியாவில் நிறையக் கிளிசரின் எடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு உகந்தது என்று குப்பியில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள், தோலுக்குப் பூசுவதற்கென்று விற்கிற குப்பியை வாங்கிக் கேக்கில் ஊற்றிவிடாதீர்கள். பேக்கிங் கடையில் வாங்கிய சின்னக் குப்பி எனக்கு இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, ஒரு வருடம் வரும் போலிருக்கிறது.

கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு நிற்காது, சுற்றியிருக்கிற காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். குளிர்நாட்டில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும், அங்கே அது வரம். இங்கே மழை பெய்த நாளில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகிறது. நான் முதல் தடவை பயந்துபோய் அரைக் கிலோவுக்கு மூன்று தேக்கரண்டி ஊற்றினேன். அந்த நேரத்தில் அற்புதமாக மெதுவானது, பட்டுத்துணி மாதிரி விழுந்தது. இரண்டு மணி நேரத்தில் மேலே வியர்த்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்கின, சிவப்புச் சாயம் வெள்ளைக் கேக்கில் வடிந்தது. இப்போது அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி, அதுவும் ஷார்ட்டனிங் போட்டுப் பிசைந்து பார்த்தும் வெடித்தால் மட்டும். குளிரூட்டி ஓடுகிற அறையில் வேலை செய்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும், அந்தக் காற்று ஃபாண்டன்ட்டைக் காய வைக்கும், அங்கே ஒரு தேக்கரண்டி வரை போகலாம். ஊற்றிய உடனே மாவு கூழ் மாதிரி ஆவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஐந்து நிமிடம் பிசைந்தால் உள்ளே போய்விடும்.

சிஎம்சி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் காசும் போய் ஒரு முழு நாளும் போனது. டவுனில் ஒரு பெரிய கடை, பேர் வேண்டாம். ஃபாண்டன்ட் மெதுவாக மடிய என்ன போடலாம் என்று தெளிவாகக் கேட்டேன். கடையில் நின்ற பிள்ளை ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பொடியை எடுத்துக் கொடுத்து, ஃபாண்டன்ட் போடுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். வாங்குகிறார்கள் என்பது உண்மைதான், எதற்கு வாங்குகிறார்கள் என்பதுதான் வேறு. சிஎம்சி ஃபாண்டன்ட்டை இறுக்கமாக்கிச் சீக்கிரம் காய வைப்பது. ரோஜா இதழ், பொம்மையின் கை கால், நிமிர்ந்து நிற்க வேண்டிய எதற்கும் அது வேண்டும். நான் அதைக் கொசுவத்துக்கு வைத்திருந்த ஒரு கிலோவில் போட்டுப் பிசைந்தேன், ஒரு மணி நேரத்தில் தேய்க்கவே முடியவில்லை. திரும்பக் கொண்டுபோனால் திறந்த டப்பாவை எடுக்க முடியாது என்றார்கள், அந்த விதி நியாயமானதுதான், ஆனால் தவறாக எடுத்துக் கொடுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விற்கிற பொருள் என்ன செய்யும் என்று தெரியாத இடத்தில், தெரியாது என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு எவ்வளவோ உதவி. டைலோஸ் என்ற பேரில் விற்பதும் இதே வேலையைத்தான் செய்யும், அதையும் மெதுவாக்க வாங்கிவிடாதீர்கள்.

ஏற்கனவே விறைத்துப்போன ஃபாண்டன்ட் கையில் இருக்கிறது, நாளைக்குக் கேக் கொடுக்க வேண்டும் என்றால் தூக்கிப் போடாதீர்கள். மைக்ரோவேவில் 10 நொடி, எடுத்துப் பிசைந்து, தேவையென்றால் இன்னொரு 5 நொடி. உள்ளே வெதுவெதுப்பு வந்ததும் ஒரு தேக்கரண்டி ஷார்ட்டனிங். ஓரம் காய்ந்து கட்டி தட்டியிருந்தால் அதை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், உள்ளே சேர்த்துப் பிசைந்தால் அந்தக் கட்டிகள் கரையாது. எவ்வளவு பிசைந்தும் பொடிகிறது, சீனி மிகவும் கூடிப்போனது என்றால் ஒரு கைப்பிடி மார்ஷ்மெல்லோவைப் புதிதாக உருக்கி அதில் சேர்த்துப் பிசையுங்கள். எனக்கு இது கிளிசரினைவிட நன்றாகக் கைகொடுத்தது, ஜெலட்டினும் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகிறதல்லவா. தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், விட்டால் துளித் துளியாக விடுங்கள், ஊற்றினால் வெளிப்பக்கம் சேறாகும், உள்பக்கம் அப்படியே இருக்கும்.

நிறத்துக்கு ஜெல் சாயம். தண்ணீர்ச் சாயத்தில் அரக்குச் சிவப்பு வரவே வராது, அதற்குள் மாவு கூழாகிவிடும். ஜெல்லிலும் அடர் நிறத்துக்கு நிறைய வேண்டியிருக்கிறது, அந்தச் சாயமே மாவை இன்னும் இளக்கும், அதனால் நிறம் போடப்போகிற பங்குக்கு மட்டும் 50 கிராம் சீனியைக் கூடுதலாக வைத்திருந்தேன். சாயம் போட்ட மறுநாள் நிறம் இன்னும் கறுக்கிறது, நீங்கள் நினைத்ததற்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள்.

கொசுவத்துக்கு, சத்தே இறைச்சி கோக்கிற மெல்லிய மூங்கில் குச்சிகளைப் பயன்படுத்தினேன். தேய்த்த துண்டுக்கு அடியில் ஒரு குச்சி, மேலே ஒரு குச்சி, மறுபடி அடியில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக நெருக்கினால் மடிப்பு தானாக எழும்புகிறது. குச்சிகளில் ஷார்ட்டனிங் தடவியிருக்க வேண்டும், அப்போதுதான் உருவும்போது கிழிக்காது. கீழே பூசியது சாக்லேட் கனாஷ், இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம். பட்டர்கிரீம் நம் வெக்கையில் இளகி மடிப்போடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. முந்தின நாளே முடித்துவிட்டேன். ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும் என்பதால் அட்டைப் பெட்டியில் மூடி, மின்விசிறி நேராகப் படாத அறையில் வைத்திருந்தேன். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டிய கேக் என்றால் பெட்டியோடு வெளியே எடுத்து, பெட்டியைத் திறக்காமல் வெளிச்சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், தண்ணீர் பெட்டியின் மேல் கோக்கட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடத்தில் வைத்த கேக்கை ஒன்பது மணிக்குத்தான் வெட்டினோம். 40 பேர், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, வெளியே மழை. கொசுவத்தில் ஒரு மடிப்பும் வெடிக்கவில்லை, இறங்கவும் இல்லை. கடைசியாகப் பிசைந்த அந்த ஃபாண்டன்ட்டில் போனது மீன் ஜெலட்டின் மார்ஷ்மெல்லோ, 800 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ், பிசைய வேண்டிய அளவுக்குச் செம்பனை ஷார்ட்டனிங். கிளிசரின் குப்பியைத் திறக்கவே இல்லை.

அம்மா பக்கத்தில் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்தார். தன் சேலையில் கரை இன்னும் ஒரு விரல் அகலம் என்றார். அப்புறம் கத்தியை வாங்கி, முந்தானை இறங்கிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். அந்த முந்தானைத் துண்டை யாரையும் தொட விடவில்லை. அது இப்போது காய்ந்து கெட்டியாகி, எறும்பு ஏறாத பிஸ்கட் டின்னுக்குள், பீரோவில் சேலைக்குக் கீழே இருக்கிறது.